மரக்கால்காரனின் மகுடம்

பெட்டிக்குள் படுத்துத்தான் வரைய வேண்டும்.
பிணம் வருவதற்கு முன் நான்தான் பிணம்.
இடது தோளில் ஒருக்களித்து,
மூக்குக்கு நேரே அத்திப் பலகை,
முழங்காலருகே எண்ணெய் விளக்கு.
கரியும் கருவேலம் பிசினும் குழைத்த மை
காதுக்குள் வழிகிறது.

சியூத் நகரத்துக் களஞ்சியத்தில்
தானியம் அளந்த சென்பிக்கு
இன்று நான் முடி சூட்டுகிறேன்.

தென்னாட்டு வெள்ளை முடி ஒன்று.
வடநாட்டுச் சிவப்பு முடி ஒன்று.
நெற்றிக்குப் படமெடுத்த நாகம்,
இடுப்புக்குக் காளைவால்,
கொக்கித் தடி, சாட்டை.
மரக்காலை வழித்துத் தள்ளும் கோல் பிடித்த கைக்குச்
செங்கோல்.
உயிரோடு இருந்தபோது
இதில் ஒன்றைத் தொட்டிருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள்.
செத்தவனுக்குத் தடையில்லை.
அரசர்களுக்கு மட்டும் என்றிருந்த மறுமை
எப்போதோ சந்தைக்கு வந்துவிட்டது.
விலை இரண்டு ஆடு, ஒரு சுருள் துணி.

மந்திரம் என்று தனியாக ஒன்றுமில்லை.
மூடி இறங்கியதும்
வரைந்த ரொட்டி ரொட்டியாகிவிடும்.
வெளியே தீட்டிய இரண்டு கண்ணால்
உள்ளே கிடப்பவன் விடியலைப் பார்ப்பான்.
சிக்கல் எழுத்தில்தான்.

எங்கள் எழுத்தில் 'அவனுடைய' என்று எழுத
ஒரு கொம்பு விரியன் போட வேண்டும்.
அவனுடைய ரொட்டி: ஒரு பாம்பு.
அவனுடைய பீர்: ஒரு பாம்பு.
சொத்து பெருகப் பெருக விரியன் பெருகும்.
இருட்டில் அவையும் ஊரத் தொடங்குமே!
ஆகவே ஒவ்வொன்றின் கழுத்திலும்
மயிரிழை இடம் விட்டு,
தலை வேறு உடல் வேறாக எழுதுவது தொழில்.

நாற்பத்தொரு பாம்பை அறுத்தேன்.
நாற்பத்திரண்டாவதை அறுக்கவில்லை.
'அவனுடைய வாற்கோதுமை'
என்று வரும் இடம் அது.

ஆறு பொய்த்த வருஷம்
இதே சென்பி
கட்டைவிரலை மரக்காலுக்குள் மடக்கி வைத்து
எனக்கு அளந்தான்.
ஒரு விரல் இடத்தில்
எத்தனை மணி பிடிக்கும் என்று கேட்காதீர்கள்.
எங்கள் வீட்டில் அதற்கு நான்கு வயது.
நுபெத். பெயரில் மட்டும் பொன்.
நாணல் பாயில் சுருட்டி மணலில் வைத்தோம்.
நிறமில்லை, எழுத்தில்லை, கண்ணில்லை.
ஊரார் பெட்டிக்கெல்லாம் வண்ணம் பூசுகிறவன் வீட்டில்
ஒரு சொட்டுப் பச்சை குழைக்க அன்று பிசின் இல்லை.
பிசினைத் தின்று தீர்த்திருந்தோம்.

கால்மாட்டுக்கு நகர்ந்தேன்.
அங்கே வழக்கப்படி செருப்பு.
வெள்ளைத் தோலில் இரண்டு ஜோடி,
மண் படாத அரசச் செருப்பு.
தூரிகையில் வெள்ளை மிச்சமிருந்தது.
ஓரத்தில் இன்னொரு ஜோடி
தானாக விழுந்ததுபோல் விழுந்தது,
என் கட்டைவிரல் நீளத்துக்கு.

பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
வரைந்தது நிஜமாகும் என்றால்
செருப்பைத் தேடிக் கால்கள் வரும்.
வந்தால் ரொட்டி வரிசை கண்ணில் படும்.
வெள்ளை முடியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு
வழி தெரியாமல் முட்டிக்கொள்வாள்.
அரசச் சாட்டையால் ஈ ஓட்டுவாள்.
செருப்பையோ,
அவள் காலில் போட்டதைவிடக்
கையில் பிடித்து ஓடியதுதான் அதிகம்.
வெறுங்காலோடு
இந்தப் பலகை முழுக்கச் சுற்றுவாள்,
மேல் வரி வரைக்கும்,
வாற்கோதுமை வரைக்கும்.

விளக்கை இழுத்துக்கொண்டு தலைமாட்டுக்கு ஊர்ந்தேன்.
மை இன்னும் காயவில்லை.
நகத்தாலேயே கழுத்தைச் சுரண்டினேன்.
சென்பி பிழைத்தான்.

மறுநாள் அவன் மனைவி ஹெனுத் வந்தாள்.
எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும்.
மரக்கால்காரன் வீட்டுக்காரி.
முடி எண்ணினாள், கோல் எண்ணினாள்,
குனிந்து செருப்பில் நின்றாள்.
"மூணாவது யாருக்கு?"
"அரசர்களுக்கு அப்படித்தான்" என்றேன்.

அந்தச் சின்ன ஜோடியைக்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பேசிய ஆட்டை அவிழ்த்துக் கொடுத்தாள்.
பேசாத தானியத்தைக்
கூடவே ஒரு மரக்கால் அளந்தாள்,
கோலால் வழிக்காமல்,
குவித்து.